அச்சுப்பொறி யாருடையது?

"நூலைப் பார், நூலாசிரியனைப் பார், பதிப்பித்தவன் எவனாயிருந்தால் என்ன?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. பாலைப் பருகுகிறவன் பசுவின் நிறத்தை விசாரிப்பானா என்று உவமையும் சொல்வார்கள். கேட்பதற்கு இனிக்கும் வாதம் இது. அறிவுக்கு நிறமில்லை, கலைக்குச் சாதியில்லை என்ற உயர்ந்த எண்ணத்தின் சாயலும் இதில் படிந்திருப்பதால், இளைஞர்கள் பலர் இதை எளிதில் ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஆனால், இனிப்பதனால் மட்டும் ஒரு வாதம் உண்மையாகிவிடாது. உரைத்துப் பார்க்க வேண்டும். அதற்கேற்ற உரைகல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பதிப்பு வரலாறு. எழுதத் தெரிந்திருந்தும், எழுதி முடித்த பின்னும், அச்சேறுவதற்குப் பிறர் வாயிலில் காத்து நின்றவர்கள் அவர்கள். பின்னர், தமக்கென்று பதிப்பகம் கண்டு, அதைக் காப்பதற்குக் கண்ணீரும் வியர்வையும் சிந்தியவர்களும் அவர்களே. அந்த வரலாற்றைப் படித்துவிட்டு, அதன் பிறகும் "பதிப்பித்தவன் எவனாயிருந்தால் என்ன?" என்று கேட்க முடியுமா என்று பார்ப்போம்.

1773ஆம் ஆண்டு. பிலிஸ் வீட்லி என்ற இளம்பெண் ஒரு கவிதைத் தொகுதி வெளியிட முனைகிறாள். சிறுமியாக இருக்கும்போதே ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டு, பாஸ்டன் நகரில் விலைக்கு விற்கப்பட்டவள் அவள். அடிமைப் பெண்ணால் இத்தகைய கவிதை புனைய முடியுமா என்ற ஐயம் எழுகிறது. ஐயத்தைப் போக்கக் கவர்னர் உள்ளிட்ட பாஸ்டன் பெரிய மனிதர்கள் பதினெட்டுப் பேர் கையொப்பமிட்டு, "இவற்றை எழுதியவள் இவளே" என்று சான்று தருகிறார்கள். அந்தச் சான்றையும் சுமந்துகொண்டுதான் நூல் வெளிவந்தது. அதுவும் பாஸ்டனில் அன்று, கடல் கடந்து இலண்டனில்!

கவிதையைப் படித்துவிட்டு நன்று என்றோ தீது என்றோ கூறியிருந்தால் அதைத் திறனாய்வு என்போம். எழுதியவளை நிறுத்தி வைத்துச் சான்று வழங்குவதற்கு என்ன பெயர்? சுங்கச் சாவடியில் மூட்டையை அவிழ்த்துப் பார்த்து முத்திரை குத்துவார்களே, அதுதான் நினைவுக்கு வருகிறது. விடுதலை பெற்ற பிறகு, 1779இல், இரண்டாம் தொகுதிக்காக முன்பணம் தருவோரை நாடி அவர் அறிவிப்பு வெளியிட்டார். போதிய ஆதரவு கிட்டவில்லை. 1784இல் வறுமையில் மாண்டார். அந்தக் கைப்பிரதி இன்றளவும் கிடைக்கவில்லை. கவிஞர் இருந்தார், கவிதை இருந்தது, அதை அச்சேற்ற அவருக்கென்று ஓர் அச்சுப்பொறி இல்லை. ஒரு நூல் உலகிலிருந்தே மறைந்துவிட்டது.

கொடியவர்கள்தாம் இப்படி வாயிலை அடைத்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. நல்லவர்களும் வாயிற்காவலராக நின்றதுதான் இவ்வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரெடெரிக் டக்ளஸ் 1845இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அடிமை முறையை எதிர்த்து அஞ்சாது போராடிய வெள்ளையர் வில்லியம் லாயிட் கேரிசனின் முன்னுரையும், வெண்டல் பிலிப்சின் கடிதமும் அந்நூலின் முகப்பில் நின்றன. அன்பினால் எழுதப்பட்டவைதாம் அவை. ஆயினும், டக்ளஸ் பேசுவதற்கு முன் வேறு இருவர் பேச வேண்டியிருந்தது! 1847இல் ராச்செஸ்டர் நகரில் 'நார்த் ஸ்டார்' என்ற தம் சொந்த ஏட்டை டக்ளஸ் தொடங்கினார். கேரிசன் குழுவினர் அதை விரும்பவில்லை, வேண்டாமென்றே அறிவுறுத்தினர். அச்சுப்பொறிக்கான பணம் இங்கிலாந்து நண்பர்கள் திரட்டித் தந்தது. ஆனால், ஏட்டில் எது வரவேண்டும், எது வரக்கூடாது என்ற இறுதிச் சொல் டக்ளசுடையது. பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிலும் இறுதிச் சொல் யாருடையது என்பதே பெரிய கேள்வி என்பதை, அடிமையாயிருந்த அம்மனிதர் நன்கு உணர்ந்திருந்தார்.

ஹேரியட் ஜேக்கப்ஸ் என்ற அம்மையாரின் கதையையும் கேளுங்கள். அடிமைப் பெண்ணாகத் தாம் பட்ட அவமானங்களை நூலாக எழுதினார். புகழ்பெற்ற வெள்ளை எழுத்தாளர் லிடியா மரியா சைல்டு முன்னுரை தந்தால் வெளியிடுகிறோம் என்றது பதிப்பகம். முன்னுரையும் கிடைத்தது. அதற்குள் பதிப்பகமே நொடித்துப் போயிற்று. அம்மையார் மனந்தளரவில்லை. தம் நூலின் அச்சுத் தகடுகளைத் தாமே விலைக்கு வாங்கி, 1861இல் நூலை வெளிக்கொணர்ந்தார். ஒருகாலத்தில் தம்மையே பிறர் விலைக்கு வாங்கிய நாட்டில், தம் சொல்லைத் தாம் விலை கொடுத்து மீட்டார் அந்த அம்மையார்!

"இவையெல்லாம் அடிமைக் காலத்துக் கதைகள், சட்டம் விடுதலை தந்த பிறகு நிலை மாறியிருக்குமே" என்பீர்கள். மாறியது, ஆனால் முழுதும் மாறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் இரு பேரெழுத்தாளர்களைப் பார்ப்போம்.

கடைசி அடிமைக் கப்பல்களுள் ஒன்றான கிளோடில்டாவில் 1860இல் கொண்டுவரப்பட்ட கட்ஜோ லூயிஸ் என்ற முதியவரைச் சோரா நீல் ஹர்ஸ்டன் நேரில் கண்டு பேசி, அவர் கதையை அவர் பேசிய மொழியிலேயே எழுதினார். 1931இல் அந்நூல் உருப்பெற்றுவிட்டது. முதியவரின் பேச்சுமொழியை மாற்றித் திருத்தமான ஆங்கிலத்தில் எழுதித் தருமாறு பதிப்பகத்தார் விரும்பினர். ஹர்ஸ்டன் இணங்கவில்லை. 'பாராகூன்' என்ற அந்நூல் வெளிவந்த ஆண்டு 2018! எண்பத்தேழு ஆண்டுகள் ஒரு முதியவரின் குரல் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடந்தது. ரிச்சர்டு ரைட் தம் வாழ்க்கை வரலாற்றை இரு பகுதிகளாக எழுதினார். தென்மாநிலக் கொடுமைகளைக் கூறும் முதற் பகுதி போதும், வடக்கிலும் தமக்கு நீதி கிட்டவில்லை என்று கூறும் இரண்டாம் பகுதி வேண்டாம் என்றது, நூல்களைத் தேர்ந்து வாசகர்க்கு அனுப்பிவந்த ஒரு பெரும் நூற்கழகம். 1945இல் 'பிளாக் பாய்' பாதி நூலாக வெளிவந்தது. விடுபட்ட பகுதி 1977இல்தான் தனிநூலாயிற்று. ஹர்ஸ்டன், ரைட் இருவருமே 1960இல் மறைந்தவர்கள். அவர் தம் நூலையும் காணவில்லை. இவர் தம் நூலின் முழு வடிவத்தையும் காணவில்லை.

இதில் திறனாய்வாளன் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. 'பிளாக் பாய்' நூலை 1945இல் படித்து, ரைட்டின் கலைத்திறன் இத்தகையது, கட்டமைப்பு இத்தகையது என்று தீர்ப்பெழுதியவன் எதற்குத் தீர்ப்பெழுதினான்? ரைட்டின் படைப்புக்கா? ஒரு நூற்கழகத்தின் கத்தரிக்கோலுக்கா? நம் கைக்கு வரும் நூல், வாயிற்காவலர் பலரைக் கடந்து வந்த நூல். எது உள்ளே வந்தது என்பதை மட்டும் ஆய்ந்து, எது வெளியே நிறுத்தப்பட்டது என்பதை ஆராயாத திறனாய்வு அரைத் திறனாய்வே ஆகும். பால் உவமை இங்கேதான் பொய்த்துப் போகிறது. பசு பாலைத் தணிக்கை செய்வதில்லை!

இந்த நிலையை மாற்றும் முயற்சி மிகப் பழையது. 1827ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நியூயார்க்கில் சாமுவேல் கார்னிஷ், ஜான் ரஸ்வர்ம் என்ற இருவர் 'பிரீடம்ஸ் ஜர்னல்' என்ற ஏட்டைத் தொடங்கினர். கறுப்பினத்தவர் தாமே நடத்திய முதல் அமெரிக்க இதழ் அது. நெடுங்காலமாகப் பிறர் நமக்காகப் பேசினர், இனி நம் வழக்கை நாமே எடுத்துரைப்போம் என்பது அதன் முதல் இதழின் முழக்கம். இரண்டாண்டுகளில் ஏடு நின்றது, எண்ணம் நிற்கவில்லை. 1829இல் பாஸ்டனில் பழந்துணிக் கடை வைத்திருந்த டேவிட் வாக்கர், அடிமை முறையை எதிர்த்துத் தம் 'அப்பீல்' நூலைத் தாமே வெளியிட்டார். தென்மாநிலங்கள் அதைக் கண்டு நடுங்கின, தடை விதித்தன. ஆயினும் நூல் தெற்கே சென்றது. எப்படி? கப்பல் தொழிலாளர் உடைகளின் உட்புறத்தில் வைத்துத் தைக்கப்பட்டு! அச்சிட்டால் மட்டும் போதாது, நூல் போய்ச் சேரும் வழியையும் வகுக்க வேண்டும் என்பதை அந்தத் துணிக்கடைக்காரர் அறிந்திருந்தார்.

பள்ளி ஆசிரியனாகிய என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானவர் கார்ட்டர் உட்சன். அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு 1875இல் பிறந்தவர். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். ஆசிரியப் பணி புரிந்தவர். 1912இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்றவர். தம் மக்களின் வரலாறு பாடநூல்களில் இல்லை. இருந்த இடத்தில் இழிவாக இருந்தது. பிறர் திருத்துவார்கள் என்று அவர் காத்திருக்கவில்லை. 1921இல் வாஷிங்டனில் 'அசோசியேட்டட் பப்ளிஷர்ஸ்' என்ற பதிப்பகத்தைத் தோற்றுவித்தார். கல்வி என்ற பெயரால் தன் இனத்தையே இழிவாக எண்ணக் கற்பிப்பதைச் சாடும் அவருடைய நூல் 1933இல் வெளிவந்தது, அந்தச் சொந்தப் பதிப்பகத்தின் வழியேதான். கல்வி நிலையங்களைக் கண்டிக்கும் நூலுக்கு, அந்நிலையங்களுக்கே பாடநூல் விற்கும் முதலாளிகள் இடம் கொடுப்பார்களா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி, இவ்வரலாற்றின் நடு மேடைக்கு வருவோம். நகரம் டெட்ராய்ட், ஆண்டு 1965, மனிதர் டட்லி ராண்டல். இளமையில் ஃபோர்டு ஆலையின் உலைக்களத்தில் வேலை செய்தவர், அஞ்சலகத்தில் பணியாற்றியவர், பின்னர் நூலகர், கவிஞர். 1963இல் பர்மிங்காம் நகரத் தேவாலயத்தில் வெறியர் வைத்த வெடிகுண்டுக்குச் சிறுமியர் நால்வர் இரையானார்கள் அன்றோ? அந்தத் துயரை அவர் பாட்டாக எழுதியிருந்தார். பாடகர் ஒருவர் அதற்கு இசையமைக்க முன்வந்தபோது, பாட்டின் உரிமையைக் காக்க வேண்டுமே என்று, தம் சம்பளத்திலிருந்து பன்னிரண்டு டாலர் எடுத்து, ஒற்றைத் தாளில் அச்சிட்டார் ராண்டல். ஒற்றைத் தாள் வெளியீட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே பதிப்பகத்தின் பெயராயிற்று: 'பிராட்சைடு பிரஸ்'. வாணிப நோக்கில் பிறந்ததன்று அந்த நிறுவனம். தன் சொல் தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்ற உரிமையுணர்வில் பிறந்தது.

வீடே பதிப்பகம், நூலகப் பணி முடிந்த நேரமே அலுவலக நேரம். முதல் வரிசையில் வந்த ஆறு ஒற்றைத் தாள்களைப் பார்த்தாலே ராண்டலின் பரந்த உள்ளம் விளங்கும். மார்கரெட் வாக்கரும் மெல்வின் டால்சனும் குவெண்டொலின் புரூக்சும் அதில் இருந்தார்கள். ராபர்ட் ஹேடனும் இருந்தார். "என்னைக் கறுப்பினக் கவிஞன் என்று அழைக்காதீர், கவிஞன் என்றே அழையுங்கள்" என்ற நிலையில் நின்றவர் ஹேடன், அதற்காக 1966இல் ஃபிஸ்க் பல்கலைக்கழக எழுத்தாளர் மாநாட்டில் இளைஞர்களின் சினத்துக்கு ஆளானவர். ராண்டலோ அவருக்கும் இடம் தந்தார். இனத்தின் பதிப்பகம் என்றால் ஒரே குரலின் பதிப்பகம் என்று பொருளன்று என்பதை இதைவிடத் தெளிவாக எவர் காட்ட முடியும்?

1968இல் சிறைக்குள்ளிருந்த எதெரிட்ஜ் நைட் என்ற கவிஞரின் முதல் தொகுதியை அவர் வெளியிட்டார். அடுத்த ஆண்டு சோனியா சான்செசின் முதல் தொகுதி. 1973இல் ஆட்ரி லோர்டின் தொகுதி. அது தேசிய நூல் விருதின் இறுதிப் பட்டியலுக்குச் சென்றது. "சொந்தப் பதிப்பகம் என்றால் தரம் தாழ்ந்துவிடும்" என்போர் இந்தப் பெயர்களுக்கு என்ன விடை சொல்வர்?

தரம் தாழ்ந்த நூல்களே அக்காலத்தில் வரவில்லையா என்றால், வந்தன. முழக்கத்தை வரி வரியாக முறித்து அடுக்கிவிட்டுக் கவிதை என்று பெயர் சூட்டியவர்களும் இருந்தார்கள். அதை மறைத்துப் பேசினால் நாம் பகுத்தறிவாளர் ஆக மாட்டோம். ஆனால், அந்நோய்க்கு மருந்து கண்டிப்பான பதிப்பாசிரியன். பிறர் வாயிலுக்குத் திரும்பிப் போவதன்று.

குவெண்டொலின் புரூக்சின் முடிவுதான் இவ்வரலாற்றில் என் சிந்தையை மிகவும் கவர்ந்தது. 1950இல் புலிட்சர் பரிசு பெற்றவர் அவர். அப்பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர். 1945 முதல் ஹார்ப்பர் என்ற பெரும் பதிப்பகம் அவர் நூல்களை வெளியிட்டு வந்தது. அவரை அது புறக்கணிக்கவில்லை, போற்றியது. அப்படியிருந்தும், ஐம்பது வயதைக் கடந்த பிறகு, 1969இல் 'ரையட்' என்ற நூலை ராண்டலிடம் கொடுத்தார். மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டபின் சிகாகோவில் மூண்ட கலகத்தைப் பற்றிய கவிதை அது. 1972இல் தம் வாழ்க்கை வரலாற்றையும் பிராட்சைடுக்கே அளித்தார். பின்னர் ஹார்ப்பர் பக்கம் அவர் திரும்பவில்லை.

இதை ஈகம் என்று மட்டும் புகழ்ந்துவிட்டு நகர்வது திறனாய்வாளனுக்கு அழகன்று. இஃது ஓர் இலக்கிய முடிவு. புரூக்சின் முந்தைய நூல்களில் செறிவும் செம்மையும் மிகுதி. கற்றோர் அவைக்கு முன் நின்று பாடும் பாங்கு அதில் உண்டு. பிந்தைய கவிதைகள் தெருவை நோக்கி, தன் மக்களை நோக்கி முகத்தைத் திருப்புகின்றன. சில இடங்களில் நடை நெகிழ்ந்திருக்கிறது என்பதும் உண்மையே. ஆனால், எவரை முன்னிருத்திப் பேசுகிறோம் என்பது மாறும்போது, எப்படிப் பேசுகிறோம் என்பதும் மாறியே தீரும். அவைக்கு விளக்கம் சொல்லும் தேவை அற்றுப்போகும். உறவினரிடம் பேசும் உரிமை வந்து சேரும். பதிப்பகத்தை மாற்றிய போதே தம் வாசகரையும் அவர் தேர்ந்தெடுத்துவிட்டார். இந்த மாற்றத்தைக் கணக்கில் கொள்ளாமல் அவர் கவிதையை மதிப்பிடுவோர், கடிதத்தைப் படிக்கிறார்கள்; மேலுறையில் எழுதிய முகவரியைப் படிக்க மறக்கிறார்கள்.

இதுவரை சொன்னது வெற்றியின் பகுதி. மற்றப் பகுதியையும் சொல்லத்தான் வேண்டும். அதிலேதான் நமக்குப் படிப்பினை மிகுதி.

ஏழைகளும் வாங்க வேண்டும் என்று ராண்டல் விலையைக் குறைத்தே வைத்தார். நூல்கள் பெருகின. 1970களின் நடுவில் தாளின் விலையும் அச்சுக் கூலியும் ஏறின. நூல்களை வாங்கி விற்ற கடைகளில் பல, பணத்தைத் திருப்பி அனுப்பவில்லை. கவிதையை விரும்பியவர் பலர். கடனைத் தீர்க்க நினைத்தவர் சிலர்! 1977இல் பதிப்பகத்தை ஒரு தேவாலய நிறுவனத்திடம் ஒப்படைத்தார் ராண்டல். அதன்பின் சில ஆண்டுகள் அவரைக் கடுமையான மனச்சோர்வு பீடித்தது. எழுதவும் முடியாமற் போயிற்று. 1981இல் டெட்ராய்ட் நகரம் அவரைத் தன் அரசவைக் கவிஞராக்கிப் பெருமைப்படுத்தியது. பெருமை தந்தது நன்று. அதற்கு முன்பே கடைக்காரர்கள் பாக்கியைத் தந்திருந்தால் அதனினும் நன்று.

அந்தப் பதிப்பகத்தைச் சாய்த்தவர் யார்? வெள்ளை முதலாளியா? தணிக்கை அதிகாரியா? நேர்நின்று தாக்கிய பகைவன் எவனும் இல்லை. வாங்கி, விற்று, கொடுக்காமல் விட்ட தோழர்கள். பாராட்டிப் பேசிவிட்டுப் பணம் தர மறந்த ஆதரவாளர்கள். எல்லாச் சுமையையும் ஒரே மனிதரின் தோளில் ஏற்றிவிட்டுக் கைதட்டி நின்ற கூட்டம். கொள்கை ஆர்வத்தினால் பதிப்பகம் தோன்றும். கணக்குப் புத்தகத்தினால்தான் அது வாழும்.

வாழ்ந்து காட்டியவர்களும் உண்டு. 1967இல் சிகாகோவின் எங்கிள்வுட் பகுதியில், நிலவறை வீடொன்றில், நானூறு டாலரையும் பழைய சைக்ளோஸ்டைல் பொறி ஒன்றையும் வைத்துக்கொண்டு, ஹாக்கி மதுபுத்தி (அந்நாளில் டான் லீ) 'தேர்டு வேர்ல்டு பிரஸ்' தொடங்கினார். ஜோஹாரி அமினியும் கரோலின் ராட்ஜர்சும் உடன் நின்றார்கள். பதிப்பகத்தோடு பள்ளியும் கண்டார்; படிப்பவரை உருவாக்கும் பணியும் நூலை உருவாக்கும் பணியும் கைகோத்து நடந்தன. 2006இல் அப்பதிப்பகத்தின் 'தி கவனன்ட் வித் பிளாக் அமெரிக்கா' நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. நிலவறையில் முளைத்த விதை அது!

பால்டிமோரில் பால் கோட்ஸ் 1978இல் 'பிளாக் கிளாசிக் பிரஸ்' நிறுவினார். கிடைக்காமற்போன பழைய நூல்களைத் தேடி மறுபதிப்புச் செய்வது அவர் பணி. துணிக்கடைக்காரர் டேவிட் வாக்கரின் நூலும் அவ்வாறு மீண்டும் வெளிச்சம் கண்டது. 1995இல் அவர் சொந்த அச்சகமும் அமைத்தார். தேவைக்கேற்பச் சில படிகளே அச்சிடலாம். விற்காத நூலைக் கட்டிக்கொண்டு முதலை முடக்க வேண்டியதில்லை. ராண்டல் வீழ்ந்த பள்ளத்தை நன்றாகப் பார்த்து நடந்தவர் கோட்ஸ். 1997இல் புகழ்பெற்ற நாவலாசிரியர் வால்டர் மோஸ்லி தம் 'கான் ஃபிஷின்' நாவலைப் பெரிய பதிப்பகத்துக்குக் கொடாமல் கோட்சிடம் கொடுத்தார். புரூக்சு காட்டிய வழியில் மற்றோர் எழுத்தாளர்! 2024இல் அமெரிக்காவின் தேசிய நூல் அமைப்பு கோட்சுக்கு வாழ்நாள் தொண்டுக்கான விருது அளித்தது.

"இக்காலத்தில் பெரும் பதிப்பகங்களே கறுப்பின நூல்களுக்கெனத் தனிப்பிரிவுகள் வைத்திருக்கின்றனவே, பிறகேன் இந்தத் தொல்லை?" என்பது எஞ்சியிருக்கும் ஒரு வினா. அப்பிரிவுகள் நற்பணி செய்கின்றன, மறுப்பதற்கில்லை. ஹர்ஸ்டனின் 'பாராகூன்' நூலை 2018இல் வெளிக்கொணர்ந்ததே 'அமிஸ்டாட்' என்ற அத்தகைய பிரிவுதான். ஆனால், அதன் வரலாற்றையும் பாருங்கள். 1986இல் சார்லஸ் ஹாரிஸ் என்ற கறுப்பினத்தவர் தனிப் பதிப்பகமாகத் தொடங்கியது அது. 1999இல் ஹார்ப்பர்காலின்ஸ் கைக்குச் சென்றது. பெயர்ப் பலகை அதேதான். கருவூலத்தின் சாவி வேறு கையில்! சாவி வைத்திருப்பவர் இன்று நல்லவராக இருக்கலாம், கேரிசனும் நல்லவரே. நல்லவரின் தயவில் கிடைக்கும் இடம், தயவு உள்ளவரையில்தான் நமது.

ஆகவே தோழர்களே, "பதிப்பித்தவன் எவனாயிருந்தால் என்ன?" என்று இனி எவரேனும் கேட்டால், பாஸ்டனில் தொலைந்த கைப்பிரதியைச் சொல்லுங்கள், எண்பத்தேழு ஆண்டு காத்திருந்த முதியவரின் குரலைச் சொல்லுங்கள், பாதியாக வெட்டப்பட்ட ரைட்டின் வாழ்வைச் சொல்லுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். ராண்டலின் கடன் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். முன்னது பிறரை நோக்கி நாம் கேட்க வேண்டிய கேள்வி. பின்னது நம்மை நோக்கியே வரும் கேள்வி.

நீங்கள் மதிக்கும் சிறு பதிப்பகம் ஒன்று உங்கள் ஊரிலும் இருக்கக் கூடும். அதன் நூலை இரவல் வாங்கிப் படித்துவிட்டு, அரங்கில் அதைப் போற்றிப் பேசுவது எளிது. ஒரு படியை விலை கொடுத்து வாங்குங்கள். விற்பனைக்கு எடுத்துச் சென்ற படிகளின் பணத்தைத் திங்கள் முடிவதற்குள் சேர்ப்பியுங்கள். கணக்கு எழுதத் தெரிந்தவர் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சென்று கணக்கு எழுதிக் கொடுங்கள். பிழை திருத்தத் தெரிந்தவர் பிழை திருத்துங்கள். மேடையில் முழங்குவோர் நம்மிடம் ஏராளம். பாக்கியைத் தீர்ப்போர்தாம் தேவை. அச்சுப்பொறியை வாங்குவது ஒருவரின் துணிவு. அது பிறர் கைக்குப் போகாமல் காப்பது படிப்பவர் அனைவரின் கடமை.